முகம் இருந்தது, பெயர் இல்லை

கேள்வி: 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' நம்முடைய கித்துல்கலவில் எடுத்த படம். அதன் திரைக்கதைக்கு ஒஸ்கார் வாங்கியவர் அதை எழுதவே இல்லை என்கிறார் எங்கள் வாத்தியார். அப்படியும் நடக்குமா? – ஒரு மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: நடந்தது, மகள். 1957இல் வந்த அந்தப் படத்துக்கு 7 ஒஸ்கார். திரைக்கதை விருது, மூல நாவலை எழுதிய பியர் பூலுக்குப் போனது. அவர் பிரெஞ்சில் எழுதுகிறவர், ஆங்கிலத் திரைக்கதைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன். இருவர் பெயரும் கம்யூனிஸ்ட் சந்தேகத்தில் வேலை மறுக்கப்பட்டவர்களின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் திரையில் போடவில்லை.

1947இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு ஹொலிவூட் ஆட்களைக் கூப்பிட்டு, "நீ கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறாயா, எப்போதாவது இருந்தாயா?" என்று கேட்டது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் பிறகு சிறைக்குப் போனார்கள். ஆனால் வேலையைப் பறித்தது அரசாங்கச் சட்டம் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டூடியோ முதலாளிகள் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் கூடி, கம்யூனிஸ்ட் என்று தெரிந்த யாருக்கும் வேலை இல்லை என்று தாங்களே முடிவெடுத்தார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நான் கூத்துக் களரி பார்த்து வளர்ந்தவன். ஆட்டக்காரன் பாட்டில் தடுமாறினால் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தை விடாமலே அடியெடுத்துக் கொடுப்பார். களரியிலேயே நிற்கிற மனிதரை யாரால் மறைக்க முடியும்? சினிமா எழுத்தாளர் அப்படியில்லை, பெயரை எடுத்துவிட்டால் ஆளே இல்லை. அதனாலேயே முதலாளிகள் அவர்களை விரட்டிவிட்டு, பின்கதவால் குறைந்த காசுக்கு எழுதவும் வைத்தார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான திரைக்கதை எழுத்தாளர் டால்டன் ட்ரம்போ சிறையிலிருந்து வந்து 'ரொபர்ட் ரிச்' என்ற பெயரில் எழுதிய 'த பிரேவ் வன்' கதைக்கு 1957இல் ஒஸ்கார் கிடைத்தது. மேடையில் கூப்பிட்டார்கள், அப்படி ஒரு ஆள் இருந்தால்தானே வருவதற்கு! நடிகர்கள் பாடு இதைவிட மோசம். முகத்துக்குப் புனைபெயர் வைக்க முடியாது, அவர்கள் அப்படியே காணாமல் போனார்கள்.

1960இல் 'ஸ்பார்ட்டகஸ்', 'எக்ஸோடஸ்' இரண்டிலும் ட்ரம்போவின் பெயர் திரையில் வந்தது. வில்சனுக்கும் ஃபோர்மனுக்கும் 'குவாய்' விருதைக் கையில் கொடுக்கும்போது வாங்க இருவருமே உயிரோடு இல்லை.

கேள்வி: அந்த விசாரணைக் குழுவிடம் பயத்தில் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தவர்களை மன்னிக்கலாமா? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: சிறையில் கிடந்த பிறகு, பிள்ளைகுட்டியை நினைத்து வாய் திறந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். இயக்குநர் எலியா காசான் கதை வேறு. பெயரும் புகழும் உச்சத்தில் இருந்தபோது, 1952இல், தன் பழைய தோழர்கள் எட்டுப் பேரின் பெயரைக் குழுவிடம் சொல்லிவிட்டு, செய்தது சரி என்று பத்திரிகையில் விளம்பரமும் போட்டார். 1999இல் அவருக்குக் கௌரவ ஒஸ்கார் கொடுத்தபோது பலர் எழும்பிக் கைதட்டினார்கள். சிலர் கையைக் கட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நானும் எழும்பியிருக்க மாட்டேன்.