கரைக்கு ஏற்ற மெஷின் எது? படகுத்துறை போடுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (வட்டுவாகல்): 15 பைபர் படகு நிற்கிற மாதிரி ஒரு துறை போடப்போறம். பழைய 20 தொன் பெக்கோ (செயினில் ஓடும் மண் வெட்டும் மெஷின்) ஒன்று வாங்குவமோ?

வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். படகு இறக்கும் சரிவு 4 மீற்றர் அகலம், 15 மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் ஆழம் என்று வைத்தால் வெட்ட வேண்டியது 36 கன மீற்றர் மண். கியூப் (100 கன அடி) கணக்கில் ஏறக்குறைய 13. 20 தொன் பெக்கோவுக்கு அது அரைநாள் வேலை. கரையைச் சீராக்கிக் கல் அடுக்கினாலும் ஒரு கிழமை போதும். அதற்குப் பிறகு மெஷின் வேப்பமரத்தடியில் நிற்கும், லீசிங் காசு மட்டும் மாதாமாதம் போகும். வருடம் முழுக்க உங்களுக்கு உழைக்கப்போவது நாலு சில்லு உழவு இயந்திரமும், படகைக் கம்பிக்கயிற்றால் இழுக்கும் ஒரு வின்சும்தான். கைக்காசை அதில் போடுங்கள்.

வாடகை பேசும்போது மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: மணித்தியாலக் கூலி எண்ணெயோடா, எண்ணெய் இல்லாமலா? மெஷினை ஏற்றிவரும் லோபெட் கூலி ஒரு வழிக்கா, இரு வழிக்குமா? ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை மணித்தியாலம் கணக்கு? வேலையை ஆனி, ஆவணியில் முடியுங்கள். மாரி தொடங்கினால் களப்புக்கரைச் சேறு 20 தொன்னைத் தாங்காது. சேறான இடத்தில் குற்றிகளைக் குறுக்கே நெருக்கி அடுக்கி அதன்மேல் ஓட்டுங்கள் (குற்றிக்கென்று பனை தறிப்பதானால் அதற்கும் அனுமதி வேண்டும்). செயின் கரை விளிம்புக்குச் செங்குத்தாக நிற்கட்டும். விளிம்பு இடிந்தால் பின்னுக்கு எடுக்கலாம். விளிம்போடு ஒட்டிப் பக்கவாட்டில் நிற்கும் மெஷின் கவிழும்.

கேள்வி (மாங்குளம்): கொந்தராத்து வேலையும் இருக்கு, அதனால் பெக்கோ வாங்கத்தான் போறன். பழைய மெஷினில் என்ன பார்க்கவேணும்?

நீங்கள் வரும் வரைக்கும் இஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். போனதும் இஞ்சின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வருத்தத்தை மறைக்கக்கூடும். இஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

பிறகு அரை மணித்தியாலம் வேலை செய்ய விடுங்கள். ஹைட்ரோலிக் ஒயில் சூடானால்தான் பம்பின் உண்மை வெளியே வரும். பக்கெற்றில் மண் நிரப்பி, பூமை (மெஷினின் பெரிய கையை) உயர்த்தி, இஞ்சினை நிறுத்துங்கள். சிலிண்டர் தண்டில் சோக்கால் ஒரு கோடு போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கோடு கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் சீலோ வால்வோ கசிகிறது.

அதிகம் காசைத் தின்பது செயின் பக்கம்தான். செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்புறொக்கெற்றின் பல் கூராகியிருக்கிறதா? பிசி 200 போன்ற 20 தொன் மெஷினில் புதுச் செயினின் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 190 மில்லிமீற்றர். செயின் இழுபட்டு நிற்கும்போது நாலு கொழுவிகளை ஒன்றாக அளந்தால் 760 வரவேண்டும். 770ஐத் தாண்டினால் பின், புஷ் இரண்டும் தேய்ந்தவை. விலையில் அதைக் கழியுங்கள். செயினைச் சுழற்றும் பைனல் டிரைவின் ஒயில் பால்போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மணிக்கணக்கு மீற்றரை நம்பவேண்டாம், அதை மாற்றுவது சின்ன வேலை. மிதி, கைப்பிடி, சீற்றின் தேய்மானம் பொய் சொல்லாது. கடைசியாக, பதிவுப் புத்தகத்தில் உள்ள இஞ்சின், சேசிஸ் இலக்கங்களை மெஷினில் அடித்திருக்கும் இலக்கங்களோடு ஒப்பிடுங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனி முழு உரிமையாளராக இருந்தால், அது விடுவிக்கப்படும்வரை முழுக்காசு கொடுக்கவேண்டாம்.

கேள்வி (கொக்கிளாய்): மூன்றரைத் தொன் படகை மேலே இழுக்க எவ்வளவு வின்ச் வேணும்?

படகு 3.5 தொன், சில்லுத் தொட்டில் அரைத் தொன், மொத்தம் 4. எட்டுக்கு ஒன்று சரிவில் ஏற 500 கிலோ, சில்லு உரசலுக்கு 400 கிலோ, ஆக 900 கிலோ இழுவை. சில்லு மணலில் புதைந்தால் அது இரட்டிக்கும். எனவே 2 தொன்னுக்குக் குறையாத வின்ச், 12 மில்லிமீற்றர் கம்பிக்கயிறு. வின்சில் எழுதியிருக்கும் பலம் உருளையின் முதல் சுற்றுக்குரியது. கயிறு மேலுக்கு மேல் சுற்றச் சுற்றப் பலம் குறையும். கரைவலை இழுக்கப் பூட்டிய வின்சை எடுப்பதென்றால், பாரத்தைச் சரிவில் நிறுத்திப் பிடிக்கும் பிரேக் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கயிற்றின் நேரே ஆள் நிற்கக்கூடாது.

கேள்வி (அரிப்பு): அருவியாற்று வாயில் சொந்தக் காணி. தோண்ட அனுமதி வேணுமோ?

வேண்டும். உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு இணையும் ஆறு, களப்புகளில் அந்த எல்லை 2 கிலோமீற்றர் வரை உள்ளே போகும். ஆகவே கரையோரம் பேணல் திணைக்களத்திடம் முதலில் போங்கள், ஆற்றங்கரை ஒதுக்கீட்டைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வெட்டிய மணலை விற்கவோ ஏற்றவோ சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தனி.

வன்னியில் இன்னொன்றும் உண்டு. காணி கண்ணிவெடி அகற்றியதாகப் பதிவானதா என்று கிளிநொச்சியிலுள்ள பிராந்தியக் கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகத்தில் கேளுங்கள். அகற்றல் குறிப்பிட்ட ஆழத்துக்குத்தான், பெக்கோ அதற்குக் கீழும் போகும். பக்கெற்றில் இரும்பு தட்டுப்பட்டால் மெஷினை அப்படியே நிறுத்தி, ஆட்களை விலக்கிப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். இறங்கிப் பார்க்கவேண்டாம்.

கேள்வி (நாயாறு): பெக்கோவால் படகைத் தூக்கலாமோ? உப்புத்தண்ணிக்குப் பிறகு என்ன செய்யவேணும்?

வெறும் பைபர் படகென்றால், அகலப் பட்டி இரண்டு போட்டு, மெஷினின் கையைக் கிட்ட வைத்துத் தூக்கலாம். மூன்றரைத் தொன் படகுக்கு வேண்டாம். கை நீள நீளத் தூக்கும் பாரம் குறையும்.

வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரால் செயின், ரோலர், ரேடியேற்றர் எல்லாம் கழுவுங்கள். அடுத்த நாள் என்றால் உப்புக் காய்ந்துவிடும். கழுவியபின் ஒவ்வொரு பின்னுக்கும் கிறீஸ் அடியுங்கள். முதலில் கறுப்பும் மணலுமாக வரும், சுத்தமான கிறீஸ் பிதுங்கும்வரை நிறுத்தாதீர்கள்.