நிஜக் கார் போல ஓட வேண்டுமா? பந்தய விளையாட்டு வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்குப் பிளேஸ்டேஷன் 5 வாங்கிக் கொடுத்திருக்கிறோம். இப்போது ஒரு கார் பந்தய விளையாட்டு வேண்டும் என்கிறான். கிரான் டூரிஸ்மோ 7, ஃபோர்ஸா ஹொரைசன் 5 ஆகியவற்றில் ஒன்றைத்தான் வாங்கித் தர முடியும். இரண்டின் காட்சிகளும் நிஜக் காரைப் படம்பிடித்தது போலவே இருக்கின்றன. ஆனால் கடையில் விசாரித்தால் முதலாவது சிமுலேஷன், இரண்டாவது ஆர்கேட் என்கிறார்கள். நிஜத்துக்கு நெருக்கமானதை வாங்குவதுதானே நல்லது?

பதில்: காட்சி நிஜம் போல இருப்பது வேறு, கார் நிஜம் போல ஓடுவது வேறு. விளம்பரப் படத்தில் முதலாவதுதான் தெரியும். இரண்டாவதைக் கையில் வாங்கி ஓட்டினால்தான் உணர முடியும். இத்தாலியின் மோன்ஸா பந்தயத் தடம் கிரான் டூரிஸ்மோ 7-இல் இருக்கிறது. அதன் நீண்ட நேர்ப்பாதை முடியும் இடத்தில் வலமும் இடமுமாக அடுத்தடுத்து இரண்டு இறுக்கமான வளைவுகள் வருகின்றன. முழு வேகத்தில் வரும் கார் அங்கே தன் வேகத்தில் பெரும்பகுதியை இழந்தாக வேண்டும். டயருக்கு உள்ள பிடிப்பு அளவானது என்பதால், வேகத்தைக் குறைப்பதற்கும் திரும்புவதற்கும் அதைப் பகிர்ந்துதான் கொடுக்க முடியும். பிரேக்கை முழுவதுமாக அழுத்திக்கொண்டே திருப்பினால், முன் சக்கரங்கள் திரும்பி நின்றாலும் கார் நேராகவே போய்த் தடத்தை விட்டு வெளியேறிவிடும். அடுத்த முறை எச்சரிக்கையாக வந்து, வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று விரலை எடுத்தால், எடை முன்பக்கம் சாய்ந்து பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்க, கார் சுழன்று நிற்கும். நேர்ப்பாதையிலேயே பிரேக் பிடித்து முடித்து, திருப்பத் திருப்ப அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவதுதான் வழி. இதைப் பழகச் சில நாட்கள் பிடிக்கும்; பழகுவதில்தான் அந்த விளையாட்டின் சுவையே இருக்கிறது. அதன் ஓட்டுநர் உரிமத் தேர்வுகள் காரைக் கிளப்பிக் குறித்த இடத்தில் நிறுத்துவதிலிருந்தே தொடங்குகின்றன.

ஆர்கேட் வகை, காசு போட்டு விளையாடும் கூடங்களில் வளர்ந்தது. செகா நிறுவனத்தின் அவுட் ரன் 1986-இல் அந்தக் கூடங்களுக்காகத்தான் வந்தது. ஒரு காசுக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் இடத்தில், முதல் வளைவிலேயே கார் சுழன்று நின்றால் வாடிக்கையாளர் மறுகாசு போடமாட்டார். ஆகவே பிடிப்பைத் தாராளமாகக் கொடுத்தார்கள். பின்னர் வந்த பல ஆர்கேட் விளையாட்டுகளில் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினால் கார் அழகாக வழுக்கிக்கொண்டே வேகம் குறையாமல் வளைவைக் கடந்துவிடும். ஆர்கேட் என்றால் தரம் குறைந்தது என்று கடைக்காரர்கள் பேசுவதை நான் ஏற்பதில்லை. அந்த வழுக்கலை விரலுக்கு இதமாக வடிவமைப்பதும் கடினமான கலைதான்.

உங்கள் கேள்வியில் உள்ள இரண்டும் எதிரெதிர் முனைகளில் நிற்பவை அல்ல. ஃபோர்ஸா ஹொரைசன் 5-இல் கார்களின் எடையும் டயர் பிடிப்பும் ஓரளவு முறையாகவே கணக்கிடப்படுகின்றன. ஆனால் மெக்சிகோவின் பாலைவனத்தில் கள்ளிச் செடிகளை முறித்துக்கொண்டு விலையுயர்ந்த பந்தயக் காரை ஓட்டினாலும் அது சலிக்காமல் ஓடும், தவறினால் சில நொடிகள் பின்னால் சென்று மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். கிரான் டூரிஸ்மோ 7-இல் அந்தப் பின்செல்லும் வசதி கிடையாது. எனினும் அதிலும் தொடக்கநிலை உதவிகளை இயக்கிவிட்டால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். அதாவது அட்டையில் எழுதியிருப்பதைவிட, அமைப்புப் பக்கத்தில் எந்தெந்த உதவிகளை இயக்கியிருக்கிறோம் என்பதுதான் கார் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது.

மகன் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டி அரை நொடியைக் குறைப்பதில் மகிழ்கிறவன் என்றால் முதலாவதை வாங்குங்கள். பள்ளி விட்டு வந்து அரை மணி நேரம் ஊர் சுற்றுவது போல ஓட்ட நினைப்பவன் என்றால் இரண்டாவதே பொருந்தும். வீட்டில் தம்பி தங்கையும் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: திரையைப் பிரித்து ஒரே வீட்டில் சேர்ந்து ஓட்டும் வசதி கிரான் டூரிஸ்மோ 7-இல் உண்டு, ஃபோர்ஸா ஹொரைசன் 5-இல் இல்லை. பிந்தையதைப் பிளேஸ்டேஷனில் ஓட்டுவதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் தேவை. முந்தையதன் பெரும்பகுதி இணைய இணைப்பு இல்லாமல் இயங்காது. 2022 மார்ச்சில் ஒரு புதுப்பிப்புக் கோளாறால் அதன் சர்வர்கள் ஒரு நாளுக்கும் மேல் முடங்கியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: சிமுலேஷன் விளையாட்டுக்கு ஸ்டீயரிங் வீல் கட்டாயமா? லாஜிடெக் ஜி920 வீல் ஒன்று பயன்படுத்திய பழைய பொருளாகக் கிடைக்கிறது. எங்களிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 5.

பதில்: அதை வாங்காதீர்கள். ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் உரியது. பிளேஸ்டேஷனுக்கு உரியது அதே தோற்றமுடைய ஜி29. பழைய பொருள் விற்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை, சிலருக்கு இது தெரிவதே இல்லை.

கட்டாயமா என்றால், அது விளையாட்டைப் பொறுத்தது. கையடக்கக் கன்ட்ரோலரின் குச்சி ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. ஜி29 வீலோ 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்றுச் சுற்றும். அந்தச் சிறிய குச்சியை அப்படியே சக்கரத்தோடு இணைத்தால் எந்தக் காரும் நேராக ஓடாது என்பதால், வேகம் கூடக் கூடச் சக்கரம் திரும்பும் அளவை விளையாட்டே குறைத்துத் தருகிறது. கிரான் டூரிஸ்மோ இதை நன்றாகச் செய்வதால் கன்ட்ரோலரே போதும். அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனே போன்றவை வீலை மனத்தில் வைத்து உருவானவை. டயர் பிடிப்பை இழக்கத் தொடங்குவது அவற்றில் முதலில் கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குப் பிறகுதான். வீலுக்குப் பணம் ஒதுக்காதவர் அத்தகைய விளையாட்டுக்கும் ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மேசையில் இறுக்கிப் பூட்ட இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்; ஆடும் மேசையில் எந்த வீலும் பயன்படாது.

கேள்வி: பிராஜெக்ட் கார்ஸ் 2 எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் மூன்றாம் பாகத்தின் டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: இரண்டாம் பாகம் எதற்காகப் பிடித்ததோ அதற்காக வாங்க வேண்டாம். 2020-இல் வந்த மூன்றாம் பாகத்தில் டயர் தேய்வு, எரிபொருள் தீர்வது, அவற்றுக்காகப் பந்தயத்தின் நடுவே ஓரமாக நிற்கும் பிட் நிறுத்தம் ஆகிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பெயர் ஒன்று, விளையாட்டு வேறு.

கேள்வி: வாங்கிய பிறகு கார் ஓடும் விதம் பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்கினால், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தை அறிமுகக் காட்சிகளிலும் காருக்கு நிறம் பூசுவதிலும் கழித்துவிடாமல், நேராகத் தடத்துக்குச் சென்று உதவிகளை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள் கெடு உண்டு. ஆனால் விளையாட்டில் கோளாறு இருந்தாலொழிய, பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும், ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க அங்கே வழியில்லை. அங்கே வாங்குவோர் முன்னோட்டப் பதிப்பு இருந்தால் அதில் ஓட்டிப் பார்க்கலாம். இல்லையென்றால் டிஸ்க்காக வாங்கிக்கொள்வது நல்லது, பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம்.