இறங்கி வர ஒரு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பதினோரு ஆண்டுகளாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 'நல்ல ஆசிரியர் ஒருவர் போதும், பிள்ளை கரையேறிவிடும்' என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். படித்ததும் பெருமையாக இருந்தது. அப்புறம் மனது கனத்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் எனக்கு நாற்பத்து மூன்று பிள்ளைகள். பாதிக்கு மேல் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். சிலர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். அறுவடை வந்தால் பத்து நாள் காணாமல் போகிறார்கள். பலர் வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் யாருமே இல்லை. போர்ஷனை இந்த மாதத்துக்குள் முடி என்று மேலிருந்து உத்தரவு. கணக்கெடுப்பும் ரெஜிஸ்டர் வேலையும் என் தலையில். தேர்வு முடிவு வந்ததும் எல்லோரும் கேள்வி கேட்பது என்னைத்தான். உண்மையைச் சொல்லுங்கள், இதில் என் கையில் இருப்பது எவ்வளவு?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். முதலில் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நல்ல ஆசிரியர் வேண்டும் என்று எழுதியிருக்கலாம். 'போதும்' என்று எழுதியது தவறு. அந்த ஒரு சொல்லால் உங்கள் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டேன் என்பது கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. மன்னியுங்கள்.

உங்கள் வகுப்பின் நிலைதான் வளரும் நாடுகள் பலவற்றிலும். வருமானம் குறைந்த, நடுத்தர வருமானம் உள்ள நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 சதவீதம் பேரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கியும் யுனெஸ்கோ முதலான அமைப்புகளும் 2022இல் மதிப்பிட்டன. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் எண் ஏறியது உண்மை. ஆனால் அதற்கு முன்பும் பாதிக்கு மேல்தான் இருந்தது. இந்தியாவில் 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு வீடு வீடாகச் சென்று எடுக்கும் ஏசர் கணக்கெடுப்பிலும் 2018இல் கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. உங்கள் நாற்பத்து மூன்று பேரின் கணக்கும் அதேதான். இந்தப் பிள்ளைகளில் மிகப் பலர் பள்ளிக்குத் தவறாமல் போகிறவர்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

நீங்கள் பசியைச் சொன்னீர்கள். உடம்பும் வயிறும் சரியில்லாத பிள்ளைக்குப் பாடம் ஏறாது, இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கென்யாவின் மேற்குப் பகுதியில் 1998 முதல் 75 பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கு வராத நாட்கள் கால் பங்கு குறைந்தன. மிகக் குறைந்த செலவில் கிடைத்த பெரிய பலன் அது. ஆனால் அதே பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. உடம்பு தேறி வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு வகுப்புக்குள் ஏதோ ஒன்று கிடைக்காமல் போயிருக்கிறது. அது என்ன என்பதுதான் உங்கள் கேள்விக்கும் வழி என்று நினைக்கிறேன்.

அதே பகுதியில் பாடப்புத்தகங்களையும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பல பிள்ளைகள் ஒரே புத்தகத்தைப் பார்த்துப் படித்த இடங்கள் அவை. புத்தகம் கொடுத்தால் படிப்பு உயரும் என்றுதான் யாரும் நினைப்போம். பலன் கிடைத்தது ஏற்கெனவே முன்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கு மட்டும். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. புத்தகம் கைக்கு வந்தது, அதைத் திறக்கும் சாவி வரவில்லை.

ஆசிரியர் சம்பளத்தைக் கூட்டினால்? உங்கள் சம்பளம் உயர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இந்தோனேசியாவில் 2005இல் ஒரு சட்டம் போட்டு, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஆய்வாளர்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆசிரியர்களின் பணக் கவலை குறைந்தது, பக்க வேலைக்குப் போவதும் குறைந்தது. பிள்ளைகளின் கற்றலில் மட்டும் மாற்றமே தெரியவில்லை. அந்த ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. அவர்கள் கையில் இருந்த பாடமும் நேர அட்டவணையும் பழையபடியே இருந்தன.

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் மதிய வேளையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்பு, தாவரங்கள் உணவு தயாரிப்பது பற்றிய பாடம். பக்கத்தில் ஒரு சிறுமி விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டு கணீரென்று படித்தாள். ஒரு பிழை இல்லை. சந்தோஷப்பட்டு, பக்கத்தின் நடுவில் இருந்த 'இலை' என்ற சொல்லில் என் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். அவள் மேல் வரிக்குப் போனாள். முதல் சொல்லிலிருந்து விறுவிறுவென்று ஓடி வந்து, என் விரல் இருந்த இடத்தில் நின்று, "இலை" என்றாள். மறுபடி வேறு ஒரு சொல்லைக் காட்டினேன். மறுபடியும் முதல் வரி. பக்கம் முழுவதையும் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்திருந்தாள். ஓர் எழுத்தைக்கூட அவள் படிக்கவில்லை.

நான்கு ஆண்டுகளாக அவள் இப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறாள். அதற்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்! படிக்கத் தெரியாதது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு மூளையையும் செலவழித்திருக்கிறாள். வகுப்பாசிரியரிடம் அப்புறம் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. "தெரியும் சார். ஆனால் நான் இவளோடு அ, ஆ என்று உட்கார்ந்தால் இந்த மாதப் போர்ஷனை யார் முடிப்பது?" என்றார். மனசாட்சி இல்லாதவர் என்று அவரை என்னால் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தில் இருந்த சோர்வு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தச் சிறுமி முதல் வகுப்பில் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிட்டாள். பாடம் நிற்கவில்லை. அறுவடைக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வரும் உங்கள் பிள்ளைகளுக்கும் இதுதான் நடக்கிறது. பத்து நாளில் இழந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் அடுத்த பாடம் நிற்கிறது, அதன் மேல் அதற்கடுத்தது. வீட்டில் படித்தவர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிக்கட்டிவிடுவார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆண்டு பள்ளம் ஆழமாகிறது. வறுமை படிப்பைத் தின்பது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

வளரும் நாடுகள் பலவற்றிலும் பள்ளிப் பாடத்திட்டம் ஒரு காலத்தில் மிகச் சிலருக்காக எழுதப்பட்டது. காலனி ஆட்சியில் அலுவலர்களைச் சலித்தெடுக்கத் தேர்வு வைத்தார்கள். தேறியவர் போக மற்றவர் கழிந்துபோவது அந்த ஏற்பாட்டின் பகுதியாகவே இருந்தது. பிறகு கதவு திறந்தது. தொடக்கக் கல்வியை மலாவி 1994இலும், உகாண்டா 1997இலும், கென்யா 2003இலும் இலவசமாக்கின. மலாவியில் ஒரே ஆண்டில் பிள்ளைகள் எண்ணிக்கை சுமார் 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்தை நெருங்கியது. அது மகத்தான காரியம். தரம் கெட்டுவிட்டது, திறந்திருக்கவே கூடாது என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒரு நாளும் ஒத்துப்போகாது. கதவு வழியே வந்தவர்கள் அந்தந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள். அவர்களுக்காகக் கட்டடமும் ஆசிரியரும் போதுமான வேகத்தில் வரவில்லை. பாடத்தின் வேகம் மட்டும் பழைய சிலருக்கான வேகமாகவே நீடித்தது.

சரி, ஆசிரியர் பக்கம் குறையே இல்லையா? இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2000களின் தொடக்கத்தில் வங்கதேசம், எக்வடோர், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் சொல்லாமல் போய்ப் பார்த்தபோது 19 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. ஆப்பிரிக்காவில் ஏழு நாடுகளில் செய்த ஆய்வில், ஐந்தரை மணி நேரம் பாடம் நடக்க வேண்டிய நாளில் பிள்ளைக்குக் கிடைத்தது சராசரியாக 2 மணி 46 நிமிடம். பள்ளிக்குள் இருந்தும் வகுப்பில் இல்லாத ஆசிரியர்களும் அதில் உண்டு. கணக்கெடுப்புக்கு அனுப்பியதும் ரெஜிஸ்டர் எழுதச் சொன்னதும் இதில் ஒரு பங்கு. சும்மா வராமல் போனதும் ஒரு பங்குதான். வராத ஆசிரியருக்காக நான் வாதாட மாட்டேன். வருகிறவரை வராதவரோடு சேர்த்து வசைபாடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் எனக்குக் கிடைத்த இடம் பீகார். பிரதம் அங்கே ஒரு முறையைக் கொண்டுபோனது. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குழு பிரிப்பது, அங்கிருந்து தொடங்குவது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், படிப்புக் கருவிகளும் கொடுத்தார்கள். பள்ளி நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாத முகாம் நடத்தியபோது பிள்ளைகளின் வாசிப்பு நன்றாகத் தெரியும்படி முன்னேறியது. அதே அரசு ஆசிரியர்கள், அதே வீட்டுப் பிள்ளைகள்! கோடையில் அவர்கள் தலைமேல் போர்ஷன் இல்லை. இதை முதல்முறை படித்த அன்று எனக்கு அந்தச் சோர்ந்த ஆசிரியரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு ஹரியானாவில் பள்ளி நேரத்திலேயே இதற்கென்று தினமும் ஒரு மணி நேரத்தை அரசே ஒதுக்கியது. மேற்பார்வையிட வேண்டிய அலுவலர்கள் முதலில் தாங்களே இரண்டு மூன்று வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகினார்கள், அதற்குப் பிறகுதான் ஆசிரியர்களுக்கு வழிகாட்டினார்கள். இந்தி வாசிப்பு உயர்ந்தது. கணக்கில் மாற்றம் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜாம்பியா அரசு இந்த முறையை 'கேட்ச் அப்' என்ற பெயரில் தன் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது.

ஆகவே, அம்மா, உங்கள் கையில் இருப்பது நிறைய. ஆனால் அதைச் செய்ய உங்களுக்கு அனுமதி கொடுக்க வேண்டியவர்கள் வேறு. பின்தங்கிய பிள்ளையிடம் இறங்கி வர ஆசிரியருக்கு நேரம் ஒதுக்காமல், 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று பட்டியல் மட்டும் கேட்பது அநியாயம். இதை அதிகாரிகள் படிப்பார்கள் என்றால் அவர்களிடம் நான் கேட்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். எழுத்தில், உத்தரவாக.

அது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடத்தில், நான்கு தாள்களைக் காட்டுங்கள்: தனி எழுத்துகள், சின்னச் சொற்கள், நான்கு வரிப் பத்தி, ஒரு சிறு கதை. ஆளுக்குச் சில நிமிடம்தான் ஆகும். சொற்களை வரிசையாகக் கேட்காமல் அங்குமிங்குமாகத் தொட்டுக் கேளுங்கள். அந்தச் சிறுமியிடம் நான் கற்றுக்கொண்டது அது. மூன்று, நான்காம் வகுப்பு ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டால் மூன்று வகுப்பையும் கலந்து, நிற்கும் இடத்தை வைத்துப் பிரியுங்கள். எழுத்தில் நிற்பவர்களை அனுபவம் குறைந்தவரிடம் தள்ளாதீர்கள். அந்தக் குழுவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தால் பிள்ளை கூனிக் குறுகிவிடாதா என்ற அச்சம் எனக்கும் இருந்தது. கென்யாவில் 121 பள்ளிகளில் 2005இல் முதல் வகுப்பை இரண்டாக்கினார்கள். பாதிப் பள்ளிகளில் கண்ணை மூடிக்கொண்டும், மீதிப் பள்ளிகளில் பிள்ளைகளின் நிலையைப் பார்த்தும் பிரித்தார்கள். நிலை பார்த்துப் பிரித்த இடங்களில் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டுமே கூடுதலாக முன்னேறின. ஆசிரியருக்குத் தன் முன்னால் இருப்பவர்கள் யார் என்பது அங்கே தெளிவாக இருந்தது. நாள் முழுவதும் பிரித்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தினமும் ஒரு மணி நேரம்தான். ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளின் நிலையை மறுபடி பார்த்து, ஏறியவரை அடுத்த குழுவுக்கு மாற்றிக்கொண்டே இருங்கள்.

வெறும் வயிற்றோடு வருகிறவர்களை உங்களால் தனியாகச் சரிசெய்ய முடியாது. அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். அது அரசின் கடமை, அதற்கு நாங்கள் வெளியில் இருந்து சத்தம் போடுகிறோம்.

நாற்பத்து மூன்று பேரில் எழுத்தில் நிற்பவர் எத்தனை, சொல்லில் எத்தனை, பத்தியில் எத்தனை என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் தலைமை ஆசிரியர் அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.