20க்கு 12 அடி கார் தளத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் பிடிக்கும்? கொத்தனார் 15 என்கிறார், கடைக்காரர் 25 என்கிறார்

கேள்வியின் விவரம் இதுதான்: ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளி தாண்டி கடலை ஒட்டிய வீடு, மணல் தரை. வாசலில் கார் நிறுத்த 20 அடிக்கு 12 அடி தளம், 4 இன்ச் கனம். கேட்டுக்கு இரண்டு கல்தூண் நட வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றிக் கலக்குகிற ரெடிமேட் கான்கிரீட் மூட்டையே வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கொத்தனார் குறைத்துச் சொல்லவும் இல்லை, கடைக்காரர் தலையில் கட்டப் பார்க்கவும் இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு கலவையை, வேறு வேறு ஆழத்தை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். நீளம் அகலத்தை மட்டும் சொல்லி மூட்டை கேட்டால் இப்படித்தான் பதில் வரும்.

20 × 12 × 4 ÷ 12 என்று போட்டால் 80 கன அடி. இது போட்டு இறுகின பிறகு உள்ள அளவு. சிமெண்ட், எம் சாண்ட், ஜல்லி மூன்றையும் உலர்வாகத் தனித்தனியே அளந்தால் இதைவிடக் கூடுதலாக வேண்டும். ஜல்லிக்கு நடுவில் உள்ள சந்துக்குள் மணலும், மணல் சந்துக்குள் சிமெண்டும் போய் உட்கார்ந்துவிடும். 100 கன அடி கான்கிரீட்டுக்கு உலர் பொருள் சுமார் 154 கன அடி என்பது நடைமுறைக் கணக்கு. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று) என்றால் மொத்தப் பங்கு ஐந்தரை. 154ஐ ஐந்தரையால் வகுத்தால் சிமெண்ட் 28 கன அடி. 50 கிலோ மூட்டை ஒன்று 1.23 கன அடி. ஆக 100 கன அடிக்கு 23 மூட்டைக்குச் சற்றுக் குறைவு. இதே கணக்கை ஒன்றுக்கு இரண்டுக்கு நான்குக்குப் போட்டால் 18, ஒன்றுக்கு மூன்றுக்கு ஆறுக்குப் போட்டால் 12½, அடியில் போடும் ஒன்றுக்கு நான்குக்கு எட்டு பெட் கான்கிரீட்டுக்கு 10 மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது கொத்தனாரின் 15 எங்கிருந்து வந்தது என்று தெரியும். 80 கன அடி, ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு: 14½ மூட்டை. கடலிலிருந்து தள்ளியுள்ள பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ வாசலுக்கு அந்தக் கலவை போதும். உங்கள் இடத்துக்குப் போதாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிநூல் கடலோரக் காற்று படும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்ற வகையில் வைக்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கே குறைந்தது எம்20 தரம் (எண் கூடக் கூட வலு கூடும்) கேட்கிறது, தண்ணீர் சிமெண்டின் எடையில் பாதியைத் தாண்டக்கூடாது என்கிறது. எம்20 என்பது கைக்கணக்கில் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. அந்தக் கலவையில் 80 கன அடிக்கே 18 மூட்டைக்கு மேல் போகும்.

மீதி ஏழு மூட்டை தரைக்குள் இருக்கிறது. 4 இன்ச் என்று வாயால் சொல்வது ஒன்று, மட்டத்துக்குக் கட்டிய நூல்கயிற்றுக்குக் கீழே உண்மையில் உள்ள ஆழம் வேறு. மணல் தரையில் ஒருவர் நடந்தாலே குழி விழும். அதனால் மூட்டைக்குச் சொல்வதற்கு முன் சரளை பரப்பித் தண்ணீர் விட்டு திம்சு (இடிகட்டை) போட்டு முடித்துவிடுங்கள். (4 இன்ச் சரளைக்கு 80 கன அடி, இறுகினால் குறையும் என்பதால் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி சொல்லலாம்.) பிறகு தளத்தின் மேல்மட்டத்துக்கு நான்கு பக்கமும் நூல் கட்டி, குறுக்கே ஒரு நூலை நகர்த்தியபடி பன்னிரண்டு இடத்தில் நூலிலிருந்து தரை வரை டேப்பை நிறுத்தி அளங்கள். ஓரிடத்தில் 4, அடுத்து 4¼, நடுவில் 5 என்று வரும். எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். நன்றாக மட்டம் செய்த தரையிலும் சராசரி 4½ வருவது சாதாரணம். அந்த அரை இன்ச் வெறும் அரை இன்ச் இல்லை: 240 சதுர அடிக்கு 10 கன அடி, இரண்டேகால் மூட்டை.

இதைவிடப் பெரிய ஓட்டை வாட்டத்தில் இருக்கிறது. மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓட 8 அடிக்கு ஒரு இன்ச் வாட்டம் என்றால் 20 அடிக்கு இரண்டரை இன்ச் இறங்க வேண்டும். தரையையே அந்த வாட்டத்துக்குச் சரித்துவிட்டால் கனம் எங்கும் ஒன்றாக இருக்கும். தரையை மட்டமாக விட்டுவிட்டு வாட்டத்தைக் கான்கிரீட்டில் எடுத்தால் ஒரு முனையில் 4 இன்ச், மறுமுனையில் 6½ இன்ச், சராசரி 5¼. கூடுதலாக 25 கன அடி, கிட்டத்தட்ட ஆறு மூட்டை வீண். வேலை நடக்கும்போது இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். மாலையில் மூட்டை தீர்ந்த பிறகுதான் தெரியும்.

உங்கள் கணக்கை முழுதாகப் போட்டால்: தளம் 4½ இன்ச் சராசரிக்கு 90 கன அடி. தெருப் பக்க விளிம்பில் சக்கரம் ஏறி இறங்குவதால் 12 அடி நீளத்துக்கு 9 இன்ச் அகலம் மட்டும் கூடுதலாக 4 இன்ச் தோண்டிக் கனப்படுத்த வேண்டும். அது 3 கன அடி. தூண் குழி ஒன்றரை அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம் என்றால் 5.6 கன அடி. 6 இன்ச் கல்தூண் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 5. இரண்டு குழிக்கு 10. (வட்டக் குழி தோண்டினால் விட்டம் × விட்டம் × ஆழம் × 0.785.) மொத்தம் 103. சிந்துவது, மெஷினில் ஒட்டுவது என்று நூற்றுக்கு 5 சேர்த்தால் 108 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்றில் 24.6. ஆக 25 மூட்டை. கடைக்காரர் எதை வைத்துச் சொன்னாரோ, எண் சரிதான்.

ரெடிமேட் மூட்டை விஷயம். அதில் மணலும் ஜல்லிச் சிப்ஸும் சேர்ந்தே இருப்பதால் 40 கிலோ மூட்டை ஒன்றுக்கு 18 லிட்டர் அளவில்தான் கான்கிரீட் கிடைக்கும், முக்கால் கன அடி கூட இல்லை. வெறும் 80 கன அடிக்கே 125 மூட்டைக்கு அருகில் போகும். தூண் குழிக்கு மட்டும் என்றால் 16 மூட்டை. தூணை இன்றைக்கு நட்டுவிட்டு தளத்தை அடுத்த மாதம் போடுகிறீர்கள் என்றால் அதற்கு வாங்கலாம், தளத்துக்கு வேண்டாம்.

எம் சாண்ட் 45 கன அடி, முக்கால் இன்ச் ஜல்லி 91 கன அடி பிடிக்கும். ஜல்லி ஒரு யூனிட் சொன்னால் சரி. மணலை அரை யூனிட் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். ஈர மணல் உப்பி நிற்கும். எவ்வளவு உப்பியிருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம்: நேராக உள்ள கண்ணாடி பாட்டிலில் மணலை அமுக்காமல் 15 செ.மீ. உயரம் போடுங்கள், மேலே தண்ணீர் ஊற்றி ஒரு குச்சியால் கிளறிவிட்டு அடங்க விடுங்கள். 12 செ.மீ.க்கு இறங்கினால் 12க்கு 3, அதாவது நூற்றுக்கு 25 உப்பல். அந்த மணலில் 45 கன அடிக்கு 56 எடுக்க வேண்டும். முக்கால் யூனிட் சொல்லுங்கள். மிச்சம் ஓரப் பூச்சுக்கு ஆகும். லாரி வந்ததும் கொட்டச் சொல்லாதீர்கள். நடுவில் கூம்பாக இருப்பதைத் தள்ளி மட்டமாக்கி அளந்துவிட்டுக் கொட்டச் சொல்லுங்கள். உள்ளளவு 10 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள வண்டியில் 20 இன்ச் உயரம் நின்றால் ஒரு யூனிட், 15 இன்ச் நின்றால் முக்கால்.

கடற்கரை மணலைச் சேர்த்தால் செலவு குறையும் என்று யாராவது சொல்வார்கள். உப்பு ஒரு பக்கம், பொடி மணலாக இருப்பதால் தண்ணீர் அதிகம் குடித்து வலு குறையும் என்பது இன்னொரு பக்கம். கடற்கரையில் மணல் அள்ளுவது சட்டப்படியும் தப்பு.

சட்டிக் கணக்கில்தான் கலவை மாறிப்போகும். காலையில் கூம்பாக வரும் சட்டி மதியத்துக்கு மேல் தலைதட்டி வரும். 40 × 35 × 25 செ.மீ. உள்ளளவில் ஒரு பலகைப் பெட்டி அடித்துவிட்டால் அது 35 லிட்டர், சரியாக ஒரு மூட்டை சிமெண்ட் அளவு. ஒரு மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, மேலே சொன்னதுபோல் உப்பியிருந்தால் ஒன்றே முக்காலைத் தாண்டி; ஜல்லி மூன்று பெட்டி. தண்ணீர் 25 லிட்டர், மணலில் உள்ள ஈரமும் அதில் அடக்கம். இளக்கமாக வேண்டும் என்று ஆட்கள் இன்னொரு வாளி கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

வேலை நடக்கும்போதே கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒரு மூட்டைக்கு 4.4 கன அடி கான்கிரீட் வரும். 12 அடி அகலம், 4½ இன்ச் கனத்தில் நான்கு மூட்டை போட்டால் தளம் கிட்டத்தட்ட 4 அடி முன்னேற வேண்டும். தளத்தைச் சுற்றி அடித்த பலகைச் சட்டத்தின் ஓரத்தில் 4 அடிக்கு ஒரு ஆணி அடித்து வையுங்கள். நான்கு மூட்டைக்கு 5 அடி போய்விட்டால் ஜல்லி கூடுகிறது அல்லது கனம் குறைகிறது. 3 அடிதான் போனது என்றால் தரை தாழ்வாக இருக்கிறது. அப்போதே கடைக்கு போன் செய்துவிடலாம்.

தரையின் மேல் பாலித்தீன் ஷீட் கண்டிப்பாக விரியுங்கள், ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. இல்லாவிட்டால் சிமெண்ட் பால் மணலுக்குள் இறங்கிவிடும். பிறகு கீழிருந்து உப்பு ஏறும். தளத்துக்குள் கம்பி வேண்டாம் என்பது என் கருத்து. 4 இன்ச் தளத்தில் கம்பி எப்படியும் ஆட்கள் மிதித்து அடியில் போய்ப் படுத்துவிடும், உப்புக் காற்றில் துருப்பிடித்து உப்பி அதுவே தளத்தைப் பிளக்கும். அந்தக் காசில் சரளையை நன்றாக இறுக்குங்கள். மறுநாள் காலையில் தளத்தை 10 அடிக்கு 6 அடி என நான்கு கட்டமாக, ஒரு இன்ச் ஆழத்துக்கு வெட்டிவிடுங்கள். கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கும் மாதம் என்றால் விடியற்காலையில் தொடங்குங்கள்; இல்லாவிட்டால் மேல்பரப்பு முதலில் காய்ந்து மயிரிழை வெடிப்பு விழும்.

நம் பக்கத்தில் மூட்டையோடு சேர்த்துத் தண்ணீரையும் கணக்குப் போட வேண்டும். கலவைக்கு 25 மூட்டைக்கு 625 லிட்டர். போட்ட தளம் காயாமல் இறுக, அதன்மேல் பாத்தி கட்டி ஒரு இன்ச் தண்ணீர் நிறுத்த ஒரு தடவைக்கு 570 லிட்டர் அளவில். பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமெண்ட்) அல்லது கசடு சிமெண்ட் (இரும்பு ஆலைக் கசடு கலந்தது) என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக்கூடாது. நிறுத்தின தண்ணீர் குறையக் குறைய நிரப்ப வேண்டும். வாயில் வைத்தால் கரிக்கிற கிணற்றுத் தண்ணீரை இரண்டுக்கும் தவிர்த்துவிடுங்கள். கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மி.கி. குளோரைடு வரை விதிநூல் அனுமதிக்கிறது, கம்பி இருந்தால் 500தான். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், குளோரைடைத் தனியாகக் காட்டாது. சந்தேகம் இருந்தால் லாரித் தண்ணீர்.

பின்னால் இதே தளத்தில் கூரைக்குக் கம்பி போட்ட கான்கிரீட் தூண் எழுப்பும் எண்ணம் இருந்தால் இந்த மூட்டைக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கடலோரத்தில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்30, கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்) 45 மி.மீ. என்கிறது விதிநூல். பெட்டியில் அளந்து போடும் கலவைக்கு எம்20தான் எல்லை. அதற்குப் பொறியாளரிடம் டிசைன் மிக்ஸ், அதாவது கணக்குப் போட்டு எழுதிய கலவை விகிதம், வாங்க வேண்டும்.

25 மூட்டையையும் வேலைக்கு முந்தின நாள் இறக்குங்கள், பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். சாக்கில் அச்சடித்த வாரத்தைப் பாருங்கள். ஈரக் காற்றில் மாதக்கணக்கில் நின்ற மூட்டையில் விரலால் நசுங்காத கட்டி இருக்கும், அதை வாங்க வேண்டாம். பாதித் தளத்தில் இரண்டு மூட்டைக்காக வேலை நின்றால் அந்த இடத்தில் ஒட்டு விழும், முதல் மழைக்கே கோடு தெரியும். அதனால் குறைத்து எடுப்பதைவிட இரண்டு மூட்டை திருப்பிக் கொடுப்பது மேல். திருப்பித் தர முடியாதென்றால் மூட்டையைப் பாலித்தீனில் சுற்றிக் கட்டி, பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள்.