காரைக்குடியில் இருந்துகொண்டு ஃப்ரீடைவிங்கும் (மூச்சடக்கிக் கடலில் மூழ்குவது) ஈட்டி மீன்பிடியும் பழக முடியுமா? எந்த ஸ்பியர்கன் (ஈட்டி எய்யும் துப்பாக்கி) வாங்கலாம்?

முடியும். ஆனால் ஸ்பியர்கன்னை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கிணற்றில் நீந்தி வளர்ந்தவர், இரண்டு நிமிடம் மூச்சடக்குவீர்கள், தொண்டிப் பக்கம் தனியாகவே போய்ப் பழகிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தனியாகப் போகும் அந்த எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

நான் தேவகோட்டைக்காரன். நம் பக்கத்துப் பிள்ளைகள் மூழ்கப் பழகியது கிணற்றிலும் கண்மாயிலும்தான். குடிநீர் ஊருணியில் கால் நனைத்தாலே பெரியவர்கள் விரட்டுவார்கள், அதனால் வயல் கிணறுதான் எங்களுக்கு எல்லாம். அடிவரை போய் ஒரு பிடி மண் எடுத்து வந்து காட்ட வேண்டும், அதுதான் பந்தயம். குதிப்பதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவோமே, நினைவிருக்கிறதா? நீங்கள் சொல்லும் இரண்டு நிமிடமும் அப்படி வந்ததாக இருந்தால், அந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

காரணம் இது. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருகிறது. வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் பெரிதாக அதிகரிக்காது. ரத்தம் ஏற்கெனவே அதைக் கிட்டத்தட்ட முழுதாகவே சுமந்துகொண்டிருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான். அதாவது ‘மேலே வா’ என்று உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை நாமே அணைத்துவிட்டு இறங்குகிறோம். இன்னும் நேரம் இருக்கிறது என்று நிம்மதியாகத் தோன்றும், அப்படியே நினைவு போய்விடும். வலியோ மூச்சுத் திணறலோ இருக்காது.

இதில் ஆழமும் சேர்ந்துகொள்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு. மேலே 6 லிட்டர் காற்று பிடித்த நுரையீரல் அங்கே 3 லிட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த அழுத்தத்தால் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் எளிதாகப் போகும், நமக்கும் தெம்பாக இருக்கும். திரும்பி ஏறும்போது அழுத்தம் பாதியாகக் குறைகிறது, ஆக்சிஜனின் அழுத்தமும் சேர்ந்து விழுகிறது. அதனால்தான் மயக்கம் அடியில் வருவதைவிடக் கடைசிச் சில மீட்டரிலும், தலை வெளியே வந்த பிறகுமே அதிகம் வருகிறது. ஆழமில்லாத கடல்தானே என்று யாரும் துணியக் கூடாது. மயங்கியவரின் முகம் தண்ணீருக்குள் இருந்தால் இடுப்பளவு ஆழமே போதும்.

ஒரு முறை என்னோடு வந்த நண்பர் ஒரு கலவாமீனுக்காகக் கல் இடுக்கில் கூடுதலாகக் காத்திருந்துவிட்டு மேலே வந்தார். தலை வெளியே வந்தது, சிரித்தார், கையால் ‘சரி’ என்று சைகையும் காட்டினார். அடுத்த நொடி உதடு நீலமாகி, தலை ஆட ஆரம்பித்தது. நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் முகத்தை மேலே தூக்கிப் பிடித்து, மாஸ்கைக் கழற்றி, கண்ணருகே ஊதி, கன்னத்தில் தட்டி, பேரைச் சொல்லி மூச்சு விடச் சொன்னேன். சில நொடிகளில் திரும்பிவிட்டார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சாதித்ததுதான் எனக்கு அதிர்ச்சி. அவருக்கு அந்த நொடிகள் நினைவிலேயே இல்லை.

இந்த அறிவு நம் கடற்கரைக்குப் புதிதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள், படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பார். அப்படிப் பிடிப்பது மச்சினன்தான் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் கவனம் சிதறாது என்பது கணக்கு. இன்றைய ஃப்ரீடைவிங் வகுப்பு முதலில் சொல்லித்தருவதும் அதையேதான். ஒருவர் கீழே போனால் ஒருவர் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூழ்கினால் அது தனியாகப் போனதற்குச் சமம். மேலே வந்தவரை அரை நிமிடமாவது கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். கீழே இருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வெடுத்த பிறகே அடுத்த முறை. மீன் கண்ணில் பட்டுவிட்டால் முதலில் மறந்துபோவது இந்த ஓய்வுதான். ஈட்டி மீன்பிடியை வெறும் மூழ்குதலைவிட ஆபத்தானதாக நான் நினைப்பதும் அதனால்தான். மீன் நம்மைக் கணக்கு மறக்க வைத்துவிடும்.

எனவே முதல் செலவு பயிற்சிக்கு. எய்டா, பாடி, எஸ்எஸ்ஐ போன்ற அமைப்புகளின் தொடக்கப் பாடம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அந்தமானில் கற்றுத்தருகிறார்கள். காது அழுத்தத்தைச் சமன்செய்வது, துணைக்குப் போனவரைக் காப்பாற்றுவது இரண்டையும் நேரில்தான் கற்க முடியும். கிணற்றில் காது வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போவோம். கடலில் அப்படிப் போய்ச் செவிப்பறையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். வலி வருவதற்கு முன்பே சமன்செய்ய வேண்டும், முடியாவிட்டால் மேலே வந்துவிட வேண்டும். சளி பிடித்த நாளில் கடலுக்கே போக வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் நம்மைக் கூடுதலாகத் தூக்கும், அதனால் இடுப்பில் ஈயக்கட்டி தேவைப்படும். மூச்சை வெளியே விட்ட பிறகும் மேற்பரப்பில் மிதக்கும் அளவுக்குத்தான் எடை இருக்க வேண்டும்.

இனி இடம். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி, அறந்தாங்கி வழியாகக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். இரண்டு பக்கமும் பாக் விரிகுடாதான். ஆழம் குறைவு, அடியில் சேறும் கடற்புல்லும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸை ஒருமுறை தவறாக அடித்தாலும் தண்ணீர் கலங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் ஒன்றுமே தெரியாது, அப்போது இறங்காதீர்கள். மாசி, பங்குனி நல்ல காலம்.

கடற்புல் மேய வரும் ஆவுளியாவுக்காக, அதாவது கடற்பசுவுக்காகத்தான் 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். தெற்கே ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. தண்ணீர் தெளிவு, பவளப்பாறை இருக்கிறது என்று யாராவது தீவுப் பக்கம் ஈட்டியோடு கூட்டிப்போனால் போகாதீர்கள், குற்றம். ஆவுளியா, ஆமை, கடல் அட்டை, கடல்குதிரை எதையும் தொடக் கூடாது. உங்கள் கடற்கரையில் ஈட்டிக்கு என்ன விதி என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே எதையும் வாங்குங்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகு போகும் நாள் வேறு, நாட்டுப்படகு போகும் நாள் வேறு என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கரையில் இருக்கும் அண்ணன்மாரிடம் அதைக் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். அது அவர்கள் பிழைக்கும் கடல். கொடி கட்டிய மிதவை இல்லாமல் மூழ்கினால் படகுக்காரருக்கு நம்மைத் தெரியாது. அறுந்து கிடக்கும் நைலான் வலைகள் நிறைய உண்டு, காலில் ஒரு கத்தி கட்டாயம்.

எந்த மீனைக் குறிவைப்பது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. கலவாமீனில் பல வகைகள் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகே ஆணாக மாறுபவை. பெரிய ஒன்றைத் தேடி எடுத்தால் அந்த இடத்தின் ஆண் மீனையே எடுத்துவிட வாய்ப்பு அதிகம். கிளிமீன் பவளப்பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்று பாறையைக் காப்பது. இரண்டையும் நான் விட்டுவிடுவேன். பாறை, ஊளி, ஓரா மீன்களில் வீட்டுக்கு ஒரு வேளைக்கு ஆகும் அளவு போதும், விற்பதற்கு எடுக்கவே கூடாது. காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு ஈட்டி எய்வதை நான் மீன்பிடியாகவே மதிப்பதில்லை.

ஒரு வருடம் மூச்சும் காதும் துணையும் பழகிய பிறகும் ஆசை இருந்தால், ரப்பர் பட்டை போட்ட கை ஈட்டியில் தொடங்குங்கள். கலங்கலான நம் கடலில் பத்தடிக்கு மேல் பார்வை போகாத நாட்களே அதிகம், நீளத் துப்பாக்கி அங்கே உதவாது, பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து. தண்ணீருக்கு வெளியே பட்டையை இழுத்து மாட்டவே கூடாது.

மாசிக்குள் பயிற்சியை முடித்துவிட்டால் கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள். தொண்டியில் எனக்குத் தெரிந்த நாட்டுப்படகு இருக்கிறது, முதல் சில முறை ஈட்டி இல்லாமல் சேர்ந்து போகலாம்.