சம்பளம் இல்லாத வேலைக்கு மகள் ஏன் கண் விழிக்கிறாள்? பர்கூர் மாணவியின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் என்னைப் பார்த்துவிட்டு எழுந்தபோது, "கூலி தராதவர்களுக்கு இவள் ஏன் இரவு ஒரு மணிவரை உழைக்கிறாள்?" என்று கேட்டீர்கள். மகள் பக்கத்திலேயே இருந்ததால் அன்று நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை. பிறகு அவளிடம் தனியாகப் பேசினேன். செய்து வைத்திருக்கும் வேலையைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். அதன் பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில் பராமரிப்பு ஃபிட்டர். பெங்களூரா மாம்பழ லாரிகள் வாசலில் வரிசை கட்டுவதற்கு முன்பே பாய்லரையும் கூழ் பிழியும் இயந்திரத்தையும் டின் மூடும் இயந்திரத்தையும் கழற்றித் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, ஓட்டிப் பார்த்துவிடுகிறீர்கள். சீசனில் ஆலை நிற்காமல் ஓடினால் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒரு மணி நேரம் நின்றால் மட்டும் எல்லோரும் உங்களைத் தேடுவார்கள். மகள் செய்வதும் இதே வேலைதான், ஐயா. அவள் பார்ப்பது மென்பொருள் ஆலை.

ஒருவர் எழுதிய நிரல் அப்படியே எல்லாக் கணினியிலும் ஓடாது. விண்டோஸுக்கு ஒரு விதமாக, மேக்குக்கு ஒரு விதமாக, லினக்ஸுக்கு ஒரு விதமாகக் கட்டி, நிறுவத் தயாரான பொட்டலமாக, அதாவது பேக்கேஜாக்கித் தர வேண்டும். இதற்கென்றே கோண்டா-ஃபோர்ஜ் என்ற தன்னார்வலர் திட்டம் 2015 முதல் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'ரெசிபி' என்று ஒரு கோப்பு உண்டு. மூல நிரலை எங்கிருந்து எடுப்பது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் எந்தக் கம்பைலரால் கட்டுவது, கூடவே எவையெல்லாம் வேண்டும், கட்டி முடித்ததும் எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துப் பேக்கேஜைக் கட்டுவது இயந்திரம். அந்த இயந்திரத்தையும் அதன் கருவிகளையும் பழுதில்லாமல் வைத்திருக்கும் கூட்டத்தில்தான் உங்கள் மகள் சேர்ந்திருக்கிறாள்.

இதற்கு ஓய்வே கிடையாது. 2020-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளை இன்டெல் சிப்பிலிருந்து சொந்தச் சிப்புக்கு மாற்றத் தொடங்கியது. அதுவரை கட்டி வைத்திருந்த பேக்கேஜ்களைப் புதிய சிப்புக்காக மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. 2023 அக்டோபரில் வந்த பைத்தான் நிரல்மொழியின் 3.12 பதிப்பு, டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய கட்டுமானக் கருவியை நீக்கிவிட்டது. அதை நம்பியிருந்தவை கட்டும்போதே நின்றன. 2025-இல் சிமேக் என்ற இன்னொரு கட்டுமானக் கருவியின் 4.0 பதிப்பு வந்தபோதும் பழைய முறையில் எழுதிய பல மென்பொருள்களுக்கு இதே கதி. ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து, நீண்ட பிழைப் பதிவைப் படித்து, எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் காட்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஓர் எழுத்துத் திருத்தம். ஒரு பேக்கேஜ் விண்டோஸிலும் மேக்கிலும் கட்டப்பட்டது, லினக்ஸில் மட்டும் கட்டப்படவில்லை. காரணம், ஒரு கோப்பின் பெயரில் பெரிய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சிறிய எழுத்து இருந்தது. மற்ற இரண்டும் வழக்கமாக அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். மூன்று இரவு தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். திட்டத்தின் மூத்தவர் ஒருவர் இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டிருக்கிறார். இந்தப் பொறுமையை எந்தத் தேர்வு மதிப்பெண்ணிலும் பார்க்க முடியாது.

இது யாருக்குத் தேவை என்று கேட்டீர்கள். 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில், நம்பிக்கையைச் சம்பாதித்து உள்ளே வந்த ஒருவர் கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். அதை இயக்கும் திறவுகோலை அவர் ஒளித்த இடம், பேக்கேஜைக் கட்டும்போது ஓடும் கட்டளைக் கோப்பு. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவியதால்தான் அது பிடிபட்டது. கட்டுமானக் கருவிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் எவ்வளவு வேண்டும் என்று உலகம் அன்று கண்டது.

இனிச் சொல்லப் போவது உங்களுக்குக் கசப்பாக இருக்காது, அவளுக்குக் கசக்கும். கேம்பஸ் தேர்வின் முதல் சுற்றில் இந்த வேலையை யாரும் பார்க்கப் போவதில்லை. கணக்கும் தர்க்கமும் எளிய நிரல் எழுதுவதும்தான் அங்கே கேட்கப்படும். அதில் தவறினால் இதைக் காட்ட வாய்ப்பே வராது. பில்ட் இன்ஜினியர், ரிலீஸ் இன்ஜினியர், டெவ்ஆப்ஸ் என்ற பெயர்களில் இந்த வேலை ஓசூரைத் தாண்டினால் வரும் எலக்ட்ரானிக் சிட்டியிலேயே இருக்கிறது. ஆனாலும் புதியவர்களை நேரே அதில் அமர்த்துவது குறைவு. சோதனைப் பிரிவிலோ பயிற்சிப் பணியிலோ நுழைந்து, ஓரிரு ஆண்டில் அங்கே நகர்கிறவர்களே அதிகம். ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை மாலையில் தேர்வுக்குப் படிக்கட்டும். சனி, ஞாயிறு மட்டும் இந்த வேலை. இரவு பதினொன்றுக்கு மேல் மடிக்கணினி வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். முகம் சுளித்தாள், ஒப்புக்கொண்டாள். நீங்களும் அந்த சனி, ஞாயிறைக் கல்யாணம், காதுகுத்து என்று பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

பணம் வரும் வழியும் ஒன்று உண்டு. கூகுள் 2005 முதல் நடத்தும் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில், பதினெட்டு வயது நிரம்பிய புதியவர்கள் இதுபோன்ற திட்டங்களில் வேலை செய்து உதவித்தொகை பெறலாம். விண்ணப்பம் வழக்கமாக மார்ச், ஏப்ரல் வாக்கில் நடக்கும். கட்டணம் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன்: இந்தத் துறையில் சேர்த்துவிடுகிறேன், சான்றிதழ் தருகிறேன், வேலை உறுதி என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தருமபுரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து அப்படிக் கட்டிவிட்டு என் முன்னால் அழுததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் ஒரு காசு செலவில்லாமல் அதைவிட நல்ல பயிற்சியை இப்போதே பெற்றுக்கொண்டிருக்கிறாள்.

செலவு செய்ய மனமிருந்தால் அவளுடைய மடிக்கணினிக்கு நினைவகத்தைக் கூட்டிக் கொடுங்கள். இப்போதுள்ளதில் ஒரு பேக்கேஜைக் கட்டிப் பார்க்கவே முக்கால் மணி நேரம் ஆகிறதாம்; பாதி இரவு அந்தக் காத்திருப்பில்தான் போகிறது.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மூவரும் வாருங்கள், அம்மாவையும் சேர்த்து. ஏற்கப்பட்ட அவளுடைய திருத்தங்களை இரண்டு பக்கத்தில் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் முதலில் உங்களிடம் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. உங்களுக்குப் புரியாத வரியில் கோடு போட்டுக் கொண்டுவாருங்கள், அந்த வரிகளைத்தான் நாங்கள் திருத்தி எழுதப் போகிறோம்.