பாலிக்குப் போகலாம், ஆனால் இந்தக் காலாண்டு விடுமுறையில் வேண்டாம்

கேள்வி: கும்பகோணம் அருகே அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவள் நான். பாலித் தீவின் எரிமலையையும் படிக்கட்டு வயல்களையும் கோயில்களையும் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. காலாண்டு விடுமுறையில் 5 இரவுகள், மூவருக்கும் 3 லட்சம் ரூபாய் என்று ஒரு பயண நிறுவனம் சொல்கிறது. 14% வட்டியில் 24 மாதத் தனிநபர் கடன் கிடைக்கும். மகள் படிப்புக்கென 4 லட்சம் வைப்புநிதி இருக்கிறது. 2 லட்ச ரூபாய் ஏலச் சீட்டு அடுத்த ஏப்ரலில் முடிகிறது. எதை எடுப்பது? எரிமலை வெடித்தால் கட்டிய பணம் போய்விடுமா?

பதில்: சகோதரி, கடன் வேண்டாம். 3 லட்சத்துக்கு 14% வட்டியில் 24 மாதத் தவணை மாதம் சுமார் 14,400 ரூபாய் வரும். வட்டியாக மட்டும் ஏறத்தாழ 45,700 ரூபாய் கட்டுவீர்கள். பரிசீலனைக் கட்டணம் தனி. அதே 14,400 ரூபாயை 6.5% வட்டியில் தொடர் வைப்பில் போட்டுவந்தால் 20 மாதத்தில் 3 லட்சத்தைத் தாண்டிவிடும். அதாவது, ஊரைப் பார்த்துவிட்டு வந்து கட்டுவதற்கும் கட்டிவிட்டுப் போய்ப் பார்ப்பதற்கும் நடுவே நான்கு மாதத் தவணைப் பணம் நிற்கிறது. ஒரு குடும்பம் பாலியில் ஒரு வாரம் தங்கிச் சாப்பிட அது போதும்.

வைப்புநிதியைத் தொடவே தொடாதீர்கள். மகள் கல்லூரி வாசலில் நிற்க இன்னும் நான்கு, ஐந்து ஆண்டுகள்தாம் இருக்கின்றன.

மிஞ்சியிருப்பது சீட்டு. அதை இப்போதே ஏலம் கேட்டு எடுத்தால் தள்ளுபடியில் பெருந்தொகை போகும். முடியும்வரை காத்திருந்தால் முழுத்தொகைக்குப் பக்கத்தில் கிடைக்கும், ஆனால் நான் சொல்லப்போகும் மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் டிக்கெட் வாங்கினால் விலை ஏறியிருக்கும். ஆகவே பிப்ரவரியில் எடுங்கள். கடைசி மாதங்களில் போட்டிக்கு ஆள் குறைவு, தள்ளுபடியும் குறைவு. 1,85,000 ரூபாய் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த மாதமே 5,000 ரூபாய்க்கு 11 மாதத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்குங்கள். அதிலிருந்து சுமார் 56,800 வரும். இரண்டும் சேர்ந்து 2,41,000 ரூபாய்க்கு மேல். யாருக்கும் ஒரு பைசா வட்டி கொடுக்க வேண்டியதில்லை.

மே மாதத்தை நான் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைந்த காலம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் உச்சத்துக்குப் போகும். மே அதற்கு முந்தைய நல்ல பருவம், உங்கள் பள்ளிக்கும் கோடை விடுமுறை. காலாண்டு விடுமுறையின் சில நாட்களில் ஓடிப்போய் ஓடிவருவது உங்கள் ஆசைக்குப் பொருந்தாது. அடுத்த மே வரை தள்ளிப் போடுங்கள், ஆனால் 8 இரவு தங்குங்கள்.

8 இரவுக்கு 2,41,000 போதுமா? போதும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் பாலியின் டென்பசாருக்குப் போய்வர ஆளுக்கு 36,000 வீதம் 1,08,000 ஒதுக்குங்கள். விசாவைப் பாலி விமான நிலையத்திலேயே வாங்கலாம். ஆளுக்கு 5 லட்சம் இந்தோனேசிய ருப்பியா. 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஆளுக்கு 1,50,000 ருப்பியா தனியாக வசூலிக்கிறார்கள். குழந்தைக்கும் இவை உண்டு. ஒரு ரூபாய்க்கு 185 ருப்பியா என்று கணக்கிட்டால் மூவருக்கும் சுமார் 10,500 ரூபாய். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். குடும்பங்கள் நடத்தும் எளிய விடுதிகளில் நாளுக்கு 3,000, சாப்பாட்டுக்கு 3,000; ஓட்டுநரோடு கார் ஐந்து நாளுக்கு 20,000; நுழைவுச் சீட்டு, வழிகாட்டிக்கு 20,000; காப்பீட்டுக்கு 3,000. கூட்டினால் ஏறத்தாழ 2,10,000. 25,000 ரூபாயைத் தனியாக முடிந்து வையுங்கள். அது எதற்கு என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி.

எரிமலை வெடிப்பதால் வரும் பணச் சேதம் பெரும்பாலும் சாம்பலால் வருவது. 2017 நவம்பரில் ஆகுங் மலை குமுறியபோது பாலி விமான நிலையம் இரண்டு நாளுக்கு மேல் மூடிக்கிடந்தது. 2024 நவம்பரில் சாம்பலைக் கக்கிய லெவோட்டோபி மலை பாலியிலேயே இல்லை. சுமார் 800 கி.மீ. கிழக்கே புளோரஸ் தீவில் இருக்கிறது. ஆனாலும் பாலி விமானங்கள் ரத்தாயின. இப்படி நேரும்போது விமான நிறுவனம் பொதுவாக வேறு நாளுக்கு டிக்கெட்டை மாற்றித் தரும், அல்லது பணத்தைத் திருப்பித் தரும். கூடுதலாகத் தங்கும் நாட்களின் வாடகையும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. அதற்குத்தான் அந்த 25,000.

பயணக் காப்பீட்டை டிக்கெட் வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். மலை குமுறத் தொடங்கிய செய்தி வந்தபிறகு எடுத்தால், தெரிந்த ஆபத்து என்று சொல்லி இழப்பீட்டை மறுப்பார்கள். இயற்கைச் சீற்றத்தால் வரும் தாமதமும் ரத்தும் அடங்குமா, மலையேற்றம் அடங்குமா என்று பாலிசியின் விலக்குப் பட்டியலில் படித்துப் பாருங்கள். திருச்சி–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்–பாலி வேறொரு டிக்கெட் என்று பிரித்து வாங்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீணாகும், கேட்க நாதி இருக்காது.

பயண நிறுவனத்தின் மொத்தத் தொகுப்பாகவே போவதென்று முடிவெடுத்தால், அதன்மேல் மூலத்தில் வசூலிக்கும் வருமான வரி சேரும். அது செலவல்ல, உங்கள் பான் கணக்கில் வரவாகும், கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். சம்பளத்தில் வரி பிடிக்கப்படுபவர் நீங்கள் என்பதால் உங்கள் பான் எண்ணையே கொடுங்கள்.

பணம் மாற்றுவதில் என் கை சுட்ட கதை ஒன்று உண்டு. 2019-இல் பாலியின் கூட்டா பகுதிச் சந்து ஒன்றில், மற்ற இடங்களைவிடக் கூடுதல் விலை எழுதிப்போட்டிருந்த கடையில் 200 டாலர் மாற்றினேன். 50,000 ருப்பியா தாள்களாகப் பத்துப் பத்தாக மேசையில் அடுக்கினார் கடைக்காரர். நானும் எண்ணினேன், சரியாக இருந்தது. "தட்டி ஒழுங்காக்கித் தருகிறேன்" என்று கட்டை வாங்கி, மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். அறைக்கு வந்து எண்ணினால் 9 தாள் குறைவு. அன்றைய மதிப்பில் 2,000 ரூபாய்க்கு மேல். நீங்கள் எண்ணிய கட்டு மறுபடி அவர் கைக்குப் போகக் கூடாது. இதைவிட வங்கியோடு சேர்ந்த ஏடிஎம்மில் எடுப்பது நல்லது. இந்திய ரூபாயில் கணக்கிடவா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ருப்பியாவிலேயே எடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையில் கூடுதலாகக் கழித்துக்கொள்வார்கள்.

இனி, இந்தப் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பது. கடற்கரை விடுதிகளைக் குறைத்து பாத்தூர் எரிமலைப் பக்கமும் படிக்கட்டு வயல்கள் உள்ள ஜாத்திலுவிப் பக்கமும் நாட்களைக் கூட்டுங்கள். பாத்தூர் 1,717 மீட்டர் உயரம். ஒரு பெரிய எரிமலைக் கிண்ணத்துக்குள் ஏரியோடு நிற்கிறது. விடியுமுன் ஏற முடியாவிட்டால் வருந்த வேண்டாம், பெனெலோகான் விளிம்பில் நின்றாலே கறுத்து உறைந்த குழம்புப் பாறையும் ஏரியும் தெரியும். 1926 வெடிப்பில் கிண்ணத்துக்குள் இருந்த பாத்தூர் ஊர் புதைந்தபின், மக்கள் ஊரையும் கோயிலையும் மேலே விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். அந்த உலுன் டானு கோயில் ஏரித் தெய்வத்துக்குரியது. வயல்களுக்குத் தண்ணீர் தருபவள் அவள் என்பது உழவர் நம்பிக்கை. அங்கே எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது, எப்போது நாற்று நடுவது என்பதை உழவர்களே சுபாக் என்ற நீர்ச் சங்கமாகக் கூடி, நீர்க்கோயில்களை மையமாக வைத்து முடிவு செய்கிறார்கள். யுனெஸ்கோ இந்த ஏற்பாட்டை 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முறைவைத்து நீர் பாய்ச்சிய ஊரில் வளர்ந்த உங்களுக்கு, ஜாத்திலுவியில் மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு மூங்கில் வழியே தண்ணீர் விழும் ஓசையை யாரும் விளக்க வேண்டியிருக்காது. அங்கே இரண்டு இரவு தங்குங்கள். கோயில்களுக்குள் போக இடுப்பில் துணி கட்ட வேண்டும், வீட்டிலிருந்தே கைலி கொண்டுபோங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. சீட்டு பதிவு பெற்ற நிறுவனத்தில் போட்டதா, தெரிந்தவரிடம் போட்டதா? பாஸ்புத்தகத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், பிப்ரவரியில் பணம் கைக்கு வந்து வங்கியில் ஏறும்வரை டிக்கெட்டுக்கோ விடுதிக்கோ முன்பணம் கட்டாதீர்கள்.